விரதத்துக்கு ஆகும் என்று நான் சொன்னேன்

கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் நோட்டில் அன்றைக்கு நாலே வரிதான் இருக்கிறது. "காலையில் பனி. மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைவு. மாலை ஆறே முக்காலுக்குப் பூசை வீட்டுக்குப் போனேன்; ஒரு சந்தேகம் கேட்டார்கள், விளக்கினேன்." என்ன சந்தேகம் என்று எழுதவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

நான் உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதுகிறவன். வீடு மார்க்கையன்கோட்டையில். தேதி பிசகினால் பத்திரம் செல்லாது என்ற பயத்திலேயே இருபத்தாறு வருடம் ஓட்டியவனுக்கு, வீட்டிலும் தேதி போட்டு எழுதுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. மழை, ஆற்றில் தண்ணீர் திறந்த நாள், ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம், இப்படி. மிச்ச நேரத்தில் கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படிப்பேன். இதனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எதையாவது கேட்டால் காரணத்தோடு சொல்வார் என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

மகன் தேனியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். வயது பத்தொன்பது. அவனோடு பஸ்ஸில் போய்வருகிற பையன்களில் சிலர் பீடி, சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். மகன் பிடிப்பதில்லை. துவைக்கப் போடும் சட்டைகளை எடுத்து மோந்து பார்த்து நானே உறுதி செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. இந்த வருடம் அந்தப் பையன்கள் சேர்ந்து சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள், தானும் போடட்டுமா என்று அவன் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாலை கழுத்தில் கிடக்கிற வரைக்கும் எந்தப் பையனும் ஒழுங்காக இருப்பான். ஐயப்பமார் கூட்டம் கூட்டமாகக் கம்பம், குமுளி வழியாக மலையேறுகிற பாதையில் இருக்கும் எங்களுக்கு அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை.

மொத்தம் ஒன்பது பேர். குருசாமி சின்னமனூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு இது பதினெட்டாவது வருடம். தென்னங்கன்று சுமந்து போக வேண்டிய வருடம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கேதான் சமையல், பஜனை, படுக்கை எல்லாம். அதைத்தான் பூசை வீடு என்போம். அதிகாலைக் குளியலுக்கும் உடுப்பு மாற்றவும் மட்டும் மகன் வீட்டுக்கு வருவான்.

மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்ற மகனாக இருந்தாலும் அவன் சாமி. திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது. கார்த்திகை முதல் தேதி அவன் அம்மா அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கொஞ்சம் கூச்சத்தோடு நானும் கும்பிட்டேன். அவன் கூச்சப்படவில்லை.

ஒன்பதாம் தேதி கேட்டவன் வேன்காரர் மகன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் மகனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்பவன். பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். பஜனை தொடங்கும் முன்னால், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்.

"ஐயா, நீங்க நெறயாப் படிச்சவுக. ஒரு சந்தேகம். நெருப்பு இல்ல, பொகயில இல்ல, சாம்பல் இல்ல. சும்மா ஆவி மட்டும் வருது. அத வாயால இழுத்தா வெரதம் கெட்டுருமா?"

பனிக்காலம். சரணம் போட்டுப் போட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. மருந்துக் கடையில் விற்கும், கரண்டில் ஓடும் ஆவி பிடிக்கும் கருவி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எனக்கு அதுதான் மனதில் வந்தது. என்ன கருவி, காட்டு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு பத்திரத்துக்கு மூலப் பத்திரம் பார்க்காமல் நான் பேனாவைத் திறந்ததே கிடையாது. அன்று எதையும் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசினேன். எரிந்தால்தான் புகை, எரியாத இடத்தில் புகை இல்லை என்றேன். விரதத்தில் விலக்கியது போதையையும் புலாலையும்தானே தவிர வெந்நீர் ஆவியை இல்லை என்றேன். தொண்டைக்கு நல்லது, தாராளமாகச் செய்யலாம் என்று முடித்தேன்.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"கேட்டுக்கிட்டீகளா சாமி? பெரியவுக சொல்லிட்டாக" என்றார் குருசாமி.

சுண்டல் கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு என் நோட்டில் இருப்பவை இவை. கார்த்திகை பதினைந்து: "மகனுக்கு அதிகாலையில் இருமல். பனி." பதினெட்டு: "ஒருவேளைச் சோற்றிலும் பாதியை வைத்துவிடுகிறானாம். முகம் வாடியிருக்கிறது. விரதம் நன்றாக ஏறுகிறது." இருபத்திரண்டு: "சின்ன விஷயத்துக்கும் சிடுசிடுப்பு. உபவாசத்தின் கடுமை." இருபத்திரண்டாம் தேதிதான் என் மனைவி, "சாமிக்கு ஒடம்பு என்னமோ செய்யிது, ஆசுபத்திரில காட்டுவமா?" என்று கேட்டாள். விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகை இருபத்தாறு, வெள்ளி. விடிய ஒரு மணி நேரம் இருக்கும். வழக்கமாகக் கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் அதோடு சரணமும் கேட்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. வழுக்கி விழுந்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தலை நனையவில்லை. மாணவர்கள் புத்தகத்தில் கோடு போடும் கலர்ப் பேனா போல நீல நிறத்தில் ஒன்றை வாயில் வைத்திருந்தான். அதைப் பிடித்திருந்த கை நடுங்கியது. குளிரில் நடுங்குகிறான் என்று நினைத்தேன். ஒருமுறை ஆழமாக இழுத்தான். நடுக்கம் அடங்கியது. பிறகு வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாக விட்டான். திராட்சை மிட்டாய் வாசனை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழத்துக்கு அந்த வாசனை கிடையாது.

திட்ட முடியாது. கழுத்தில் மாலை.

"சாமி, அது என்ன?" என்றேன்.

அவன் பதறுவான், ஒளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தான்.

"ஆவிப்பா. நீங்க சொன்னீகள்ல."

"நான் எப்பச் சொன்னேன்?"

"பூச வீட்ல, குருசாமி முன்னாடி." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னான். "மால போட்ட மொத நாள்ல இருந்து நீட்டுனானுகப்பா. சிகரெட்ட விட்டவனுக்கு இது நல்லதுன்னு வாங்குனது, எல்லாருங் குடிக்கிறோம், நீ மட்டும் என்னடா பெரிய இவன்னானுக. நான் அப்பாட்டக் கேக்காமத் தொடமாட்டேன்டேன். அதுக்குத்தான் அவன் அன்னைக்கு ஒங்ககிட்டக் கேட்டான். நீங்க ஆகும்னுட்டீக."

கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்து நீட்டியபோது எட்டு நாள் மாட்டேன் என்று சொன்ன பையன். அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டது என் ஐந்து நிமிடப் பேச்சு.

அது வந்த அட்டைப் பெட்டி சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது; ஊதுபத்திப் பெட்டி என்று நினைத்திருந்தேன். மறைக்க வேண்டிய பொருள் என்று அவன் நினைக்கவே இல்லை. முன்பக்கம் திராட்சைக் குலைப் படம். அடியில் எறும்பு ஊர்கிற அளவு எழுத்து. பழைய பத்திரம் படிக்க வைத்திருக்கும் லென்சை எடுத்து வைத்துப் பார்த்தேன். நிக்கோட்டின் இருக்கிறது, அது அடிமைப்படுத்தும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பீடியில் இருக்கிற அதே சரக்கு. இந்த மின்சார சிகரெட்டுகளை நம் நாட்டில் விற்கவே கூடாது என்று தடை போட்டிருக்கும் செய்தியைப் பேப்பரில் படித்தவன் நான். அந்தச் செய்தியைக் கத்தரித்துக்கூட வைத்திருக்கிறேன். அது சிகரெட் போல வெள்ளையாக, நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பெட்டியோடு பூசை வீட்டுக்குப் போனேன். லென்சையும் கொண்டுபோனேன். என் வாயால் சொல்வதை விட அவர்களே படிக்கட்டும் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

வேன்காரர் மகன் படித்துவிட்டு, "வெள்ளக்காரன் எல்லாத்துலயும் இப்பிடித்தான் போடுவான்யா. இருமல் மருந்துலயும் போட்ருக்கான்" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"மாலைக்கு முன்னால் இங்கே எத்தனை பேர் சிகரெட் பிடித்தீர்கள்?" என்றேன்.

இரண்டு கைகள் உயர்ந்தன.

"இப்போது இதை இழுப்பது எத்தனை பேர்?"

யாரும் கையைத் தூக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குருசாமி லென்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, உதடு அசைய எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் வேட்டி மடிப்பில் கைவிட்டு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பச்சை நிறம். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பதினோரு வருசம் ஆச்சு நான் சிகரெட்ட விட்டு" என்றார். "இந்த மாலையாலதான் விட்டேன். தொண்டைக்குன்னு குடுத்தானுக. நீங்களும் சொன்னீக."

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. ஏழு. அரிசி டின்னில் போட்டு மூடி, மலைக்குப் போய்வருகிற வரை யாரும் தொடக் கூடாது என்று குருசாமி சொன்னார். போய்வந்த பிறகு என்று ஏன் ஒரு வாசலைத் திறந்து வைத்தார் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து மகனை வீட்டிலேயே படுக்க வைத்தோம். இரண்டு நாள் தாங்கினான். மூன்றாம் நாள் அம்மா மேல் தண்ணீர்ச் சொம்பை வீசினான். பிறகு உட்கார்ந்து அழுதான். தூக்கம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சாமி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஏது முகம்? பிறகு திடீரென்று அமைதியானான். விட்டுவிட்டான் என்று நம்பினேன்.

மார்கழி ஒன்பது, புதன்கிழமை இருமுடி கட்டு. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தேங்காயில் நெய் ஊற்றி, அரிசி போட்டு ஒவ்வொருவருக்காகக் கட்டிவந்தார் குருசாமி. மகன் முறை வந்தது. அவன் அம்மா அரிசியை அள்ளிக் கையில் வைத்திருந்தாள்.

"எனக்குக் கட்டாதீக சாமி" என்றான் அவன். "காலையில இழுத்துட்டுத்தான் வந்தேன். தெனமும் இழுக்கேன். விட முடியல."

பஜனை நின்றது. பக்கத்தில் இருந்த வேன்காரர் மகன் அவன் தொடையைக் கிள்ளி, "ஏலே, சும்மா இர்றா. நாங்க மட்டும் என்னவாம்" என்று பல்லைக் கடித்துச் சொன்னது எனக்கும் கேட்டது. குருசாமிக்கும் கேட்டிருக்கும். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்படியே, "மனசு ஒப்பலன்னா மாலைய அம்மா கையால கழட்டிருங்க" என்றார்.

அவள் கழற்றினாள். அவள் கையிலிருந்த அரிசி தரையெங்கும் சிந்தியது. எட்டுப் பேர் இருமுடி தலையில் ஏற்றி வேனில் போனார்கள். என் மகன் சாமியாக இல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தான். இனி அவனைத் திட்டலாம். பதின்மூன்று நாளாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் இருந்தது. அவனுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன்.

வெள்ளிக்கிழமை தேனியில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இளவயசுப் பெண். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். "மருந்து பாதிதான். இதை வச்சிருக்கிற பிரண்ட்ஸோட கொஞ்ச நாளைக்குச் சேராம இருக்கணும், முடியுமா?" என்று அவனைக் கேட்டார். "தெரியல" என்றான். அந்தப் பதில் டாக்டருக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

மலையிலிருந்து வந்த மறுநாள் வேன்காரர் மகன் அப்பமும் அரவணையும் கொண்டுவந்தான். மாலை இல்லை, சவரம் செய்த முகம். மகன் உள்ளே இருந்து வரவில்லை. அவன் வாசலில் நின்றபடியே என்னிடம் பேசினான். கேலியாகத்தான் தொடங்கினான்.

"நீங்க இப்ப பெரிய ஆளாயிட்டீகய்யா. ஓடப்பட்டி வரைக்கும் ஒங்க பேச்சுத்தான்."

"என்ன பேச்சு?"

"அங்கன மகரசோதிக்குப் போற செட்டு ஒண்ணு இருக்கு. எங்க பெரியம்மா மகனும் அதுலதான். எல்லாம் பொடிப் பயலுக, பதினொண்ணு பன்னெண்டாப்புப் படிக்கிறவனுக. வெரதத்துக்கு ஆகுமான்னு அவனுகளுக்குச் சந்தேகம் வந்துச்சாம். மார்க்கையன்கோட்டையில பத்திரம் எழுதுறவரே ஆகும்னு சொல்லிட்டாருன்னு பெரியம்மா மகன் சொல்லிருக்கான். இப்ப மொத்தச் செட்டும் இழுக்குது."

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிரசாதத்தைத் திண்டில் வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலய்யா. அவனாச் சொன்னது" என்று போய்விட்டான்.

நான் எழுதித் தந்த பத்திரத்தில் பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். இதற்கு என்ன போடுவது? நேரில் போவதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. மார்கழி இருபது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைக்கை எடுத்தபோது மகன் வந்து பின்னால் ஏறினான்.

"அவ்வளவும் இருக்கிற எடத்துக்கு இவனக் கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நீ இருப்பா" என்றேன் அவனிடம்.

"நீங்க சொன்னா நம்பமாட்டானுகப்பா. நான் வாறேன்" என்றான். விட்டுப் பதினோரு நாள்கூட ஆகவில்லை. நடுவில் இரண்டு முறை தவறியிருந்தான். அதை அவனே என்னிடம் சொல்லியிருந்தான்.

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு மோட்டார் அறையை ஒட்டிய கொட்டகைதான் அவர்களுடைய பூசை வீடு. பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்கு மீசை அரும்பவில்லை. "வாங்க சாமி, உக்காருங்க" என்று பாய் விரித்தார்கள். அவ்வளவு மரியாதை. நான் பெட்டியை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் அவர்களில் நெட்டையான ஒருவன், எனக்கு வருத்தம் வரக் கூடாது என்ற குரலில் பேசினான்.

"அதெல்லாம் நாங்க கேட்டுட்டோம்யா. மார்க்கையன்கோட்டையில ஒரு பெரியவரு இருக்காரு. ரொம்பப் படிச்சவரு. பழைய பொஸ்தகமெல்லாம் பொரட்டிப் பாத்து, ஆவியால வெரதம் கெடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு."

"எழுதிக் கொடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

"நாங்க பாக்கல. பாத்தவுக இருக்காக."

"அந்த ஆள் நான்தான்" என்றேன்.

ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நீங்களா? அவரு வெள்ளத்தாடி வச்சிருப்பாராம்யா" என்றான் நெட்டையன். நான் என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். பத்திர எழுத்தர் என்று போட்டிருப்பதைப் பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் முகத்தில் இருந்தது பரிதாபம்தான். யாரோ பெரியவரின் பெயரைக் கெடுக்க வந்த ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் மகன் பேசினான். "இவரு எங்கப்பா. இவரு சொன்னாருன்னுதான் நானும் இழுத்தேன். இப்ப இல்லாம இருக்க முடியல. மால கழட்டிட்டேன். மலைக்குப் போகல." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். விரல்கள் நடுங்கின. நான் பார்க்கக் கூடாது என்று அதுவரை தொடைக்கடியில் வைத்திருந்தான் போல.

எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். வேலை நடந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஓரத்திலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். அவர்களிலேயே சின்னவன். நெற்றி நிறைய சந்தனம். என் மகன் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்து எடுத்துத் தன் வேட்டி முனையால் வாய்ப்பக்கத்தைத் துடைத்து, நீட்டினான்.

"அண்ணே, ஒரு இழுப்பு இழுங்க. கை நடுக்கம் நின்னுரும்."

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற முகம். கையைத் தட்டிவிடலாம். ஆனால் அவன் சாமி. என் மகனோ பத்தொன்பது வயது ஆள். நான் எதுவும் செய்யவில்லை.

மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"அப்பா, போவோம்."

எழுந்து செருப்பு போடாமலேயே நடந்தான். நான் அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சின்னவன் நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது பைக்கை எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பவில்லை.

மகன் பின்னால் உட்கார்ந்து என் சட்டையை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"சின்னமனூர் தாண்டுற வரைக்கும் எங்கனயும் நிப்பாட்டாதீகப்பா" என்றான். "நிப்பாட்டுனா எறங்கித் திரும்பிப் போயிருவேன்."

பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. வழியில் பெட்ரோல் பங்க் வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.